வேனின் தளத்துக்குச் சத்தமும் சூடும் அடக்கும் பூச்சு: வீட்டு முற்றத்தில் அடிக்கும் முறை

மத்தியான வெயிலில் பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கு டொல்பின் வேனின் (பழைய ரொயோட்டா ஹையேஸ்) முன்சீற்றில் வருகிறவருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எஞ்சின் அந்தச் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. அக்கரைப்பற்று தாண்டும்போது சீற் சுடத் தொடங்கும், கல்முனை வரும்போது கால்வைக்கிற தகரமும் சுடும். பின்னால் தளமும் பக்கத் தகரங்களும் அதிருகிற அதிர்வில், மூன்றாவது வரிசையில் இருப்பவரோடு கதைப்பதென்றால் குரலை உயர்த்த வேண்டும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறக்கும்வரை இருக்கிற வண்டியைத்தான் எல்லோரும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான் சத்தத்தையும் சூட்டையும் அடக்கும் ஸ்பிறே பூச்சுப் பற்றிய கேள்விகள் கூடின. வீட்டில் அடிக்கலாமா? அடிக்கலாம். ஆனால் பூச்சு அடிப்பது இந்த வேலையில் கால்வாசிதான். மிச்ச முக்கால்வாசி, கடற்காற்றில் வளர்ந்த கறளை எடுத்து, பூச்சுப் பிடிக்கக்கூடிய தகரமாக அதை மாற்றுவது.

முதலில், இந்தப் பூச்சு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இல்லாவிட்டால் காசும் போகும், மனமும் நோகும்.

சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சத்தத்துக்கு. காய்ந்த பிறகும் ரப்பர் போலக் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும் பூச்சு அது. வாகனத்தின் தகரம் சுமார் 0.7, 0.8 மில்லிமீற்றர்தான். எஞ்சினும் றோட்டும் உலுக்கும்போது அது பறைத்தோல் மாதிரி அதிரும். மேலே ஒட்டிய இளக்கமான படை அந்த அதிர்வோடு சேர்ந்து இழுபட்டு, அதிர்வின் சக்தியை மிகச் சிறிய சூடாக மாற்றித் தீர்த்துவிடும். விரல்மொழியால் தட்டிப் பார்த்தால் விளங்கும். வெறும் தகரம் ‘டங்’ என்று நீளமாக இழுக்கும், பூச்சுப் பிடித்த தகரம் ‘தொப்’ என்று நின்றுவிடும். இங்கே தடிப்புத்தான் எல்லாம். படை மெல்லியதாக இருக்கும் கட்டத்தில் தடிப்பை இரண்டு மடங்காக்கினால், அடக்கும் திறன் கிட்டத்தட்ட நாலு மடங்காகும். அதனால் முழு வண்டிக்கும் மெல்லிசாக அடிப்பதைவிட, அதிரும் தட்டையான இடங்களுக்குத் தடிப்பாக அடிப்பது எவ்வளவோ மேல். வரிவரியாக மடிப்பு வைத்த இடங்கள் தாங்களாகவே விறைப்பாக இருக்கும், அவ்வளவு அதிராது. இரண்டு மடிப்புக்கு நடுவில் உள்ள தட்டையான பகுதிதான் சத்தம் போடுகிறது.

இது வெளியில் இருந்து காற்றில் வரும் சத்தத்தை மறிக்காது. கதவு ரப்பர் நைந்து காற்று விசிலடித்தால் ரப்பரைத்தான் மாற்ற வேண்டும். ரயர் தேய்ந்து ஊளையிட்டால் அதற்கும் பூச்சு மருந்தல்ல.

இரண்டாவது வகை வெப்பத்துக்கு. கண்ணுக்குத் தெரியாத உள்ளீடற்ற கண்ணாடி அல்லது செரமிக் உருண்டைகள் கலந்த பூச்சு. இதைப் பற்றித்தான் அதிகப்படியாகச் சொல்லி விற்கிறார்கள். ஒரு மில்லிமீற்றர் படை ஒரு மில்லிமீற்றர் படைதான். கணக்குப் போட்டால், 6 மில்லிமீற்றர் மூடிய துளை ஃபோம் விரிப்பு வெப்பத்தை மறிக்கும் அளவு, 1 மில்லிமீற்றர் செரமிக் பூச்சைவிடப் பத்து மடங்குக்கும் மேல். கூரைக்கு அடிக்கும் வெள்ளைக் குளிர்ச்சிப் பெயின்றை வாங்கி வேனின் தளத்துக்கு அடிப்பவர்களும் உண்டு. அந்தப் பெயின்ற் வேலை செய்வது வெயிலைத் திருப்பி அனுப்புவதால். காப்பெற்றுக்குக் கீழே வெயிலே இல்லை, அங்கே அதன் வெள்ளை நிறத்துக்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே எங்கள் கருத்து இதுதான்: சத்தப் பூச்சை அடியுங்கள், அது கொடுக்கும் காசுக்கு வேலை செய்யும். சூட்டுக்கு, பூச்சுக்கு மேலே அலுமினியத்தாள் ஒட்டிய ஃபோம் விரிப்புப் போடுங்கள். விரிப்பு நுழையாத மூலை, குழாய்கள் ஓடும் எஞ்சின் தடுப்புச் சுவர், கியர் மேடு போன்ற இடங்களுக்கு மட்டும் செரமிக் பூச்சை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அடிப்பதென்றால் சத்தப் பூச்சு முதலில், அது காய்ந்த பிறகு செரமிக்.

தார் கலந்த அடித்தளப் பூச்சை உள்ளே அடிக்கவே வேண்டாம். அது வண்டியின் அடிப்பக்கத்துக்கு உரியது. மூடிய வாகனம் வெயிலில் நிற்கும்போது அது இளகி மணக்கும், அந்த மணம் மாதக்கணக்கில் போகாது. உள்ளே அடிப்பதற்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வகைதான்.

எவ்வளவு வாங்குவது?

ஒரு லீற்றரை ஒரு சதுர மீற்றரில் பரப்பினால் ஈரத்தில் 1 மில்லிமீற்றர் வரும். ஆனால் காயும்போது தண்ணீர் போய்விடும். மிஞ்சுவது எவ்வளவு என்பது ரின்னில் கன அளவுத் திண்மம் என்று நூற்றுவீதமாகப் போட்டிருக்கும். 60 வீதம் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காரின் தளம், எஞ்சின் தடுப்புச் சுவர், டிக்கி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4 சதுர மீற்றர் என்றால், காய்ந்த பின் 1.5 மில்லிமீற்றர் நிற்க 6 லீற்றர் திண்மம் வேண்டும். அதற்கு 10 லீற்றர் பூச்சு. காற்றில் போவது, ஸ்பிறே கன்னில் மிஞ்சுவது என்று 12 லீற்றர் எடுங்கள். வேன் என்றால் அளவுநாடா பிடித்து அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும், கண்மதிப்பு எப்போதும் குறைவாகவே வரும். பாதியில் முடிந்து, வேறு ரின் வரும்வரை காத்திருந்தால், காய்ந்த படையில் தூசி ஏறி அடுத்த படை சரியாக ஒட்டாது.

கழற்றுவதற்கு முன் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுக் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். எயார்பேக் உள்ள வண்டியில் சீற்றுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் இருக்கும். அதைக் கரண்ட் இருக்கும்போது இழுக்கக் கூடாது. சீற், பெல்ட், காப்பெற், அதற்குக் கீழே கிடக்கும் சணல் விரிப்பு எல்லாம் வெளியே வர வேண்டும். அந்தச் சணல் விரிப்பைப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால், கண்ணாடி ரப்பரோ கதவோ எங்கோ ஒழுகுகிறது. அந்த ஒழுக்கை அடைக்காமல் பூச்சு அடித்தால், தண்ணீர் பூச்சுக்கும் காப்பெற்றுக்கும் நடுவில் தங்கும். பழைய வண்டிகளின் எஞ்சின் மூடிக்குக் கீழே சாம்பல் நிற நார் அட்டை இருந்தால் கிறைண்டர் போடாதீர்கள். அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடியோடு துண்டாகவே எடுத்துப் பொலித்தீனில் கட்டுங்கள். தொழிற்சாலையில் ஒட்டிய தார் அட்டைகள் தகரத்தோடு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அவற்றைக் கிளப்ப வேண்டாம். ஓரம் தூக்கியதை மட்டும் ஹீட் கன் பிடித்து இளக்கிச் சுரண்டுங்கள்.

இனித்தான் தகரம்.

கல்லடி, காத்தான்குடி, மருதமுனை என்று கடலோரமாக நிற்கும் வண்டியில் உப்பு ஒரு தனிச் சிக்கல். கறளைத் தேய்த்து எடுத்தாலும், தகரத்தின் நுண்ணிய குழிகளில் உப்பு நிற்கும். மேலே பூச்சு அடித்தால் அந்த உப்பு ஈரத்தைப் பூச்சுக்குள்ளால் இழுத்துக் கொப்புளம் போடும். அதனால் தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வாவிக்கரைக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் சவர். அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். குழாய்த் தண்ணீர், இல்லாவிட்டால் சேர்த்து வைத்த மழைத் தண்ணீர்.

கிறைண்டரில் கம்பிக் கிண்ணம் பூட்டிக் கறளைச் சுரண்டி, 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் மினுக்கம் தெரியும்வரை தேயுங்கள். ஸ்குறூ டிறைவரின் முனையால் சந்தேகமான இடங்களைக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அது பூச்சு வேலையில்லை, வெல்டிங் வேலை. ஓட்டையைப் பைபரோ பூச்சோ வைத்து மூடினால் கீழிருந்து கறள் தின்றுகொண்டே இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. தேய்த்தும் போகாமல் குழிகளில் கறுப்பாக நிற்பதற்குக் கறள் மாற்றும் திரவம் பூசி, ரின்னில் சொன்ன நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைக்க வேண்டும். தகரங்கள் சேரும் பொருத்துகளில் பழைய சீலர் வெடித்திருந்தால் அதையும் சுரண்டிப் புதிதாக இட வேண்டும்.

அதன் பிறகு எப்பொக்சி பிறைமர் என்ற அடிப்பூச்சு, இரண்டு கை (இரண்டு படை). இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பூச்சு தண்ணீரில் செய்தது. வெறும் தகரத்தில் பட்டால், அது காய்வதற்குள்ளேயே தகரம் கறள் பிடிக்கத் தொடங்கும். அடுத்த நாள் சாம்பல் பூச்சில் மண்ணிறப் புள்ளிகள் கிளம்பினால் காரணம் இதுதான். பிறைமர் ஓர் இரவு காய்ந்த பின் 180ஆம் நம்பர் பேப்பரால் மினுக்கத்தைக் கொல்லுங்கள். வழுவழுப்பான பிறைமரில் அடித்த பூச்சு, சில மாதத்தில் தோல் உரிவதுபோல் முழுத் தாளாக உரியும்.

பிறைமருக்கு முன், தகரத்தின் சுத்தம் போதுமா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. எண்ணெய் நீக்கியால் ஒரு துணியில் தேய்த்து, காயுமுன் வேறு சுத்தமான துணியில் துடைத்தெடுத்துவிட்டு, கையில் கொஞ்சம் நல்ல தண்ணீர் அள்ளித் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி அரை நிமிடம் உடையாமல் நின்றால் தகரம் தயார். வாழை இலையில் தெளித்ததுபோல உருண்டு மணிமணியாக நின்றால், அங்கே எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது. பெடலுக்குக் கீழேயும், சீற் தண்டவாளத்தைச் சுற்றியும் அடிக்கடி இப்படி மணி விழும். கிறீஸ் ஊறிய இடங்கள் அவை. மணி விழுகிற இடத்தை இரண்டாம் தரமும் துடைத்து, இரண்டாம் தரமும் தெளித்துப் பாருங்கள்.

மூட வேண்டியவற்றை மூடுவதில் அவசரம் கூடாது. சீற், பெல்ட் போல்ற் துளைகளுக்குப் பழைய போல்ற்றுகளையே முறுக்கி வையுங்கள், புரிக்குள் பூச்சுப் போனால் பிறகு பெல்ட் சரியாக இறுகாது. ஏர்த் வயர் பூட்டும் இடம், கண்ணாடி ஓடும் வழி, கதவுப் பூட்டின் கம்பிகள், பிரேக் மற்றும் எண்ணெய்க் குழாய்கள் எல்லாவற்றுக்கும் ரேப். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தை மறக்கவே வேண்டாம். தளத்திலும் கதவின் அடியிலும் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளுக்கு, நாலைந்து தென்னை ஈர்க்கைச் சேர்த்து மாஸ்கிங் ரேப் சுற்றிச் செருகினால் அளவாகப் பொருந்தும், பிறகு இழுத்தெடுக்கவும் இலகு. கதவுத் துளை அடைபட்டால், மாரி முழுவதும் தண்ணீர் கதவுக்குள் நின்று அடியில் இருந்து தின்றுவிடும்.

எப்போது அடிப்பது என்பதை நாட்காட்டியும் காற்றும் சேர்ந்துதான் சொல்லும். ஐப்பசி தொடக்கம் தை வரை, மாரி மழைக்குள் இந்த வேலையைத் தொடக்கூடாது. காற்றே நனைந்திருக்கும்போது பூச்சிலுள்ள தண்ணீர் போக வழியில்லை, நாலு நாளானாலும் கையில் ஒட்டும். கச்சான் வீசும் மாதங்கள்தான் காய்வதற்கு நல்லவை. சூடும் வறட்சியுமான காற்று. ஆனால் அதே கச்சான் மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும், உங்கள் பூச்சை அடுத்த வீட்டுக் கொடியில் காயும் உடுப்புக்கும் கொண்டுபோகும். விடியற்காலையில் தகரத்தில் பனி இருக்கும். மத்தியானத்தில் வெயில் பட்ட தகரம் கை வைக்க முடியாதபடி சுடும், அதில் அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து உள்ளே தண்ணீர் அகப்படும். ஆகவே தகரத்தின் பனி முழுக்கக் காய்ந்த பின், காற்று எழும்புவதற்கு முன், காலை எட்டரை ஒன்பதில் இருந்து பதினொரு மணி வரை. வண்டி நிழலில், ஓலைக் கொட்டிலோ தகரக் கொட்டிலோ, நிற்க வேண்டும். புறங்கையைத் தகரத்தில் வைத்து வசதியாக வைத்திருக்க முடிந்தால் சூடு சரி. ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றை வாங்கி வையுங்கள். 75 வீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு மாஸ்கிங் வேலையைப் பாருங்கள்.

கன்னைப் பொறுத்தவரை, பெயின்ற் அடிக்கும் 1.4 மில்லிமீற்றர் வாய் கொண்ட கன் இதற்குச் சரிவராது, உடனே அடைக்கும். போத்தல் பூட்டும் அண்டர்கோட் கன் மலிவு, இதற்கு அதுவே போதும். 2 குதிரைவலு, 50 லீற்றர் தாங்கி கொண்ட வீட்டுக் கொம்பிறசர் அதை ஓட்டும். இடையிடையே நிறுத்திக் காற்று நிரம்ப விட வேண்டும், அவ்வளவுதான். கொம்பிறசரை வீட்டுப் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காற்றுக் குழாயை நீளமாக எடுங்கள். மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயரை முற்றம் வரை நீட்டினால் மோட்டாருக்குப் போதிய வோல்ற்றேஜ் போகாது, சூடாகிக் கருகிவிடும். எங்கள் காற்றில் உள்ள ஈரம் தாங்கிக்குள் தண்ணீராகச் சேரும். அரை மணிக்கு ஒருதரம் அடி வால்வைத் திறந்து விடுங்கள், குழாயில் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் கன் திடீரென்று தண்ணீர் துப்பும், அந்த இடத்தில் பூச்சுப் பள்ளமாகிவிடும்.

பூச்சைக் கலக்கும்போது ட்ரில்லை மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் காற்றுக் குமிழ் ஏறும், அது காய்ந்த பின் ஊசித் துளைகளாகத் தெரியும். இலகுவாகப் போகட்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் கூடினால் தடிப்புக் குறையும், நிமிர்ந்த தகரத்தில் வழியும்.

முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சு அடிக்க N95 வகை போதும், தின்னர் கலந்த பிறைமருக்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். சிறுபிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

மூலை, பொருத்து, போல்ற்றுத் தலைகளைச் சுற்றிய இடங்களுக்கு முதலில் பிறஸ்ஸால் பூசிவிடுங்கள். கன் அங்கே சரியாகப் போகாது. பிறகு கன்னை 50, 60 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கி, ஒரு காட்போட் மட்டையில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மட்டையில் தோடம்பழத் தோல் மாதிரி சமமான சொரசொரப்பு விழ வேண்டும். பெரிய துளியாக விழுந்தால் அழுத்தம் குறைவு, தூசியாகப் பறந்தால் அதிகம். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியும் முன்னைய வரியைப் பாதி மூடும்படி, கை நிற்காமல் ஓட வேண்டும். முதல் கை மெல்லிசாக, பிறைமர் இன்னும் தெரியும் அளவுக்கு. அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் அடுத்த கை. ஒரு கைக்கு ஈரத்தில் 0.7 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் தடிப்பாக அடித்தால், கோடையில் வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடிக்கும். வெடித்தால் மேலே அடித்து மறைக்க முடியாது, அந்தத் துண்டைச் சுரண்டி எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும். தடிப்பை அளக்க ஈரப் படை அளக்கும் சீப்பு மலிவாகக் கிடைக்கும். காய்ந்த பிறகு ஒப்பிட, வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். இரண்டு அட்டைத் தடிப்புத்தான் தளத்தில் நீங்கள் தேடும் 1.5.

தளத்துக்கு மட்டும்தான் என்றால் கன்னே தேவையில்லை. தடித்த பிறஸ்ஸால் மூன்று, நாலு கை பூசினால் அதே அடக்கம் வரும், காப்பெற்றுக்குக் கீழே அழகை யார் பார்க்கப் போகிறார்? ஸ்பிறே செய்வதன் பலன் கதவின் உட்புறம், கூரையின் உட்புறம், மடிப்புகள் நிறைந்த இடங்களில்தான்.

டொல்பின் வேனின் எஞ்சின் மூடிக்கு மட்டும் தனியாக ஒரு சொல். பூச்சை மூடியின் மேல்பக்கத்துக்கு அடியுங்கள். எஞ்சினைப் பார்க்கும் கீழ்ப்பக்கத்துக்கு, புகைக்குழாய்ச் சூடு நேராகப் படும் இடத்தில், இந்தப் பூச்சு நிற்காது. அங்கே அலுமினியம் ஒட்டிய கண்ணாடிநார் விரிப்பை றிவெற் அடித்துப் பிடிக்க வேண்டும். மூடியைச் சுற்றிய ரப்பர் வளையம் நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். சூடான காற்றும் எஞ்சின் சத்தமும் அதிகமாக நுழைவது அந்த இடைவெளியால்தான், எந்தப் பூச்சும் அதை அடைக்காது.

கடைசிக் கை அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே ரேப்புகளை உரித்துவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த பின் இழுத்தால் ஓரத்தையும் சேர்த்துக் கிழிக்கும். கன்னை உடனே தண்ணீரில் கழுவுங்கள். கழுவிய தண்ணீரை வடிகானில் ஊற்றாமல் ஒரு வாளியில் விட்டு, அடியில் கட்டியானதைக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். வடிகான் வாவிக்குத்தான் போகிறது.

தொட்டால் காய்ந்தது என்பதும் முழுக்கக் காய்ந்தது என்பதும் ஒன்றல்ல. 24 மணி நேரத்துக்குப் பின் தடித்த இடத்தில் பெருவிரல் நகத்தை அழுத்துங்கள். நகத்தடம் விழுந்து அப்படியே நின்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. விழுந்த தடம் மெல்ல எழும்பி வந்தால் காய்ந்துவிட்டது. கதவுகளைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு மேசை விசிறியைப் போட்டு, மூன்று நாலு நாள் விடுங்கள். இரவில் மூடுங்கள், பனி இறங்கும். இந்த நாட்களுக்குள் மழை உள்ளே அடித்தால் பூச்சு பால்போலக் கரைந்து ஓடும்.

காப்பெற்றை விரிப்பதற்கு முன் ஈர்க்குகளை எல்லாம் எண்ணிப் பார்த்து இழுத்தெடுங்கள். எத்தனை செருகினோம் என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துளைக்கும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, வண்டிக்குக் கீழே மண்ணில் அது விழுகிறதா என்று குனிந்து பாருங்கள்.